அப்பாவின் ஆல்பங்கள், தாத்தாவின் ரங்கூன் கடிதங்கள்

கேள்வி: என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். மூன்று தபால்தலை ஆல்பங்கள், இரண்டு பிஸ்கட் டின் நிறைய உதிரித் தபால்தலைகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பழைய உறைகள், கடிதங்கள் ஆகியவற்றை விட்டுச் சென்றிருக்கிறார். என் தாத்தா ரங்கூனிலிருந்து ராயபுரத்துக்கு எழுதிய கடிதங்களும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. காசிமேட்டில் எங்கள் வீடு தரைத்தளம். 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் உள்ளே வந்தபோது ஓர் ஆல்பத்தின் அடிப்பகுதி நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், உறைகளிலிருந்து தபால்தலைகளை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் நாடு வாரியாகப் புது ஆல்பத்தில் ஒட்டலாம் என்கிறான். கோவையில் இருக்கும் தம்பி விற்றுவிடலாம் என்கிறான். ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு தொகையும் சொன்னார். இப்போதைக்குப் பாச்சா உருண்டை போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, காசிமேடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவற்றில் ஒன்றுதான் அவசரமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உறைகளிலிருந்து ஒரு தபால்தலையைக்கூட வெட்டக் கூடாது. மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விற்பது பற்றிப் பிறகு முடிவெடுக்கலாம், ஆல்பத்தை அடுத்த ஆண்டு மாற்றலாம். கத்தரிக்கோல் பட்ட உறையைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது. பழைய காகிதங்களைப் பேணுவது என் தொழில். பூச்சியும் மழையும் செய்த சேதத்தைவிட, வீட்டார் ஆசையோடு வெட்டி ஒட்டிச் செய்த சேதத்தையே நான் அதிகம் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தாத்தாவின் கடிதங்களையே எடுத்துக்கொள்வோம். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. அதுவரை ரங்கூனில் ஒட்டப்பட்டதும் மதராஸில் ஒட்டப்பட்டதும் ஒரே இந்தியத் தபால்தலைதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அச்சிட்ட அந்தச் சிறு தபால்தலைகள் கோடிக்கணக்கில் புழங்கியவை. உறையிலிருந்து பிரித்துவிட்டால் உதிரிப் பெட்டியில் கிடக்கும் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். உறையோடு இருக்கும்போது, மேலே விழுந்திருக்கும் ரங்கூன் முத்திரை அதைப் பர்மாவில் பயன்பட்ட இந்தியத் தபால்தலையாக அடையாளம் காட்டுகிறது. சேகரிப்பாளர்களில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்த பிறகு, அதே இந்தியத் தபால்தலைகளின் மேல் 'பர்மா' என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்டு 1937இல் வெளியிட்டார்கள். 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படத்துடன் பர்மாவுக்கென்றே தனித் தபால்தலைகள் வந்தன. உங்கள் தாத்தா சில ஆண்டுகளாவது தொடர்ந்து எழுதியிருந்தால், இந்த மூன்று கட்டங்களும் ஒரே கையெழுத்தில், ஒரே முகவரிக்கு வந்த உறைகளில் வரிசையாக இருக்கக்கூடும். அப்படி ஒரு வரிசை ஒரு குடும்பத்தில் சிதறாமல் இருப்பது அபூர்வம்.

உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் மதராஸ் முத்திரையோ ராயபுரம் முத்திரையோ இருக்கும். முன்புறத்து ரங்கூன் தேதிக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் கடிதம் கப்பலில் வந்து சேர எடுத்துக்கொண்ட காலம். 1939 செப்டம்பரில் உலகப் போர் தொடங்கிய பிறகு வந்த உறைகளில் ஓர் ஓரம் பிரிக்கப்பட்டு, அதன்மேல் அச்சிட்ட காகிதப் பட்டை ஒட்டியிருக்கலாம். தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்ததற்கான அடையாளம் அது. கிழிசல் என்று நினைத்து அதை அகற்றிவிடாதீர்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் புறப்பட்ட கடிதம் ஏதாவது பெட்டியில் இருந்தால், அதைத் தனியாக எடுத்து வைத்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அஞ்சலட்டைகளுக்கும் இதே விதிதான். அவற்றில் தபால்தலை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதைச் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவலாக இருந்தது. வெட்டிய சதுரத்துக்கு மதிப்பு ஏறக்குறைய எதுவுமில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறையில் மதராஸ் முத்திரை விழுந்திருந்தால், யாரோ தவறாகக் குத்தியது என்று தோன்றும். நடுக்கடலில் கப்பலில் எழுதப்படும் கடிதத்துக்கு, அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியதோ அந்த நாட்டுத் தபால்தலையை ஒட்டலாம் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. கப்பல் கரை சேரும் துறைமுகத்தில் உள்ள அஞ்சலகம் தன் முத்திரையைப் போடும். பக்கத்தில் 'பாக்கபோ' என்ற பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கில எழுத்தில் குத்தப்பட்டிருக்கும். மாலுமிகளோடும் பாரிமுனைக் கப்பல் முகவர் அலுவலகங்களோடும் பழகிய ஒருவருடைய பெட்டியில் இவை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அலுவலகக் குப்பைக் கூடையிலிருந்து அவர் எடுத்து வந்த பழுப்பு நிற வணிக உறைகள்கூட, கப்பல் நிறுவனங்களின் பெயரும் சின்னமும் அச்சிட்டவையாக இருந்தால், தபால்தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு விற்கும் பளபளப்பான முதல் நாள் உறைகளைவிட அதிக விஷயம் உள்ளவை.

இப்போது பரண். வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏற்றியது நியாயம்தான். ஆனால் பரணில் காற்றோட்டம் கிடையாது, நீங்கள் அடிக்கடி எட்டிப் பார்க்கவும் மாட்டீர்கள். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் குடியேறினால் மாதக்கணக்கில் தெரியாது. இரண்டுக்கும் தபால்தலையின் பின்பக்கத்துக் கோந்து நல்ல தீனி. எல்லாவற்றையும் இறக்கி, இரும்பு பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். கடலைப் பார்த்த சுவராக இருந்தால் பீரோவை அறையின் மறுபக்கத்துக்கே மாற்றிவிடுங்கள். உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பாச்சா உருண்டைகளை எடுத்துவிடுங்கள். அவற்றின் ஆவி காகிதத்தில் ஏறும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், மூடிய அறையில் சுவாசிப்பவருக்கும் கெடுதல். பூஞ்சையை அவை தடுப்பதும் இல்லை. வேப்பிலை வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும், வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து, காகிதத்தில் படாமல் பீரோவின் மூலையில் வைத்தால் தவறில்லை. ஆனால் பூச்சியைத் தடுப்பதில் எதையும்விடப் பெரிய மருந்து, மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுதான்.

பொருள்கள் கீழே வந்ததும் எதையும் இடம் மாற்றாமல் படம் எடுங்கள். கைப்பேசி போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாக எடுக்க வேண்டும். உறைகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஆல்பத்தின் ஓரங்களில் அப்பா பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதைக் கிட்டப்போய் எடுங்கள். எந்தக் கப்பல், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று அவர் குறித்திருந்தால் அந்தக் குறிப்புகள்தான் உங்கள் சேகரிப்பின் பிறப்புச் சான்றிதழ். மகன் நாடு வாரியாக அடுக்க ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் அப்பா எந்த எண்ணத்தில் ஒரு பக்கத்தில் எதை எதோடு வைத்தார் என்பது நமக்கு இன்னும் தெரியாது. அந்த வரிசையைக் கலைத்தால் அது தெரியாமலே போய்விடும். இப்போதைக்கு மூன்று ஆல்பங்களும் அவர் வைத்தபடியே இருக்கட்டும். படங்களின் ஒரு நகலைத் தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள். காப்புக்குக் காப்பு, குடும்பத்துக்குள் பின்னால் எந்தச் சந்தேகமும் எழாது.

நனைந்த ஆல்பத்துக்கு வருகிறேன். ஒட்டிய பக்கங்களைக் கத்தி நுழைத்தோ இழுத்தோ பிரிக்க வேண்டாம். கெண்டி ஆவியில் காட்டும் பழைய முறையும் வேண்டாம். அன்று உள்ளே வந்தது சாக்கடை கலந்த தண்ணீர். நனைந்த பகுதியில் பூஞ்சை உறங்கிக் கிடக்கும். கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்துகொண்டு, வாசலில் அல்லது மொட்டை மாடியின் நிழலில் வைத்துத் திறக்க முடிந்த பக்கங்களை மட்டும் திறந்து பாருங்கள். ஈரம் இன்னும் இருந்தால், பக்கங்களுக்கு இடையே மை உறிஞ்சும் வெள்ளைத் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். தாள் ஈரமானால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் காய வைக்காதீர்கள். நிறம் வெளுக்கும், காகிதம் சுருண்டுகொள்ளும். பூஞ்சை முழுதாக உலர்ந்த பிறகே மென்மையான ஓவியத் தூரிகையால், வீட்டுக்கு வெளியே, உங்களிடமிருந்து விலகும் திசையில் தட்டி எடுக்கலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது காகிதத்துக்குள் இறங்கிவிடும். பழுப்புப் புள்ளிகளைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் தூளையோ எலுமிச்சைச் சாற்றையோ யார் சொன்னாலும் தொடாதீர்கள். இந்த ஆல்பம் நலமான மற்ற இரண்டோடு ஒரே தட்டில் இருக்கவும் கூடாது.

ஒட்டியவற்றைப் பிரிப்பது, அவை பயன்படுத்திய தபால்தலைகளா, பின்புறக் கோந்து கலையாத புதியவையா என்பதைப் பொறுத்தது. பயன்படுத்தியவற்றை, பக்கத்தின் அந்தத் துண்டோடு சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம். கோந்து உள்ளவற்றை நனைத்தால் கோந்து போய்விடும், மதிப்பும் பெருமளவு போய்விடும். அவற்றுக்கு ஈரப் பெட்டி முறை உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சு, அதற்கு மேல் தண்ணீர் படாத உயரத்தில் ஒரு வலைத்தட்டு, தட்டின்மேல் ஒட்டிய பகுதி. சில மணி நேரத்தில் கோந்து இளகித் தானே விட்டுக்கொடுக்கும். அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. முதன்முறை செய்பவர் மதிப்பில்லாத ஒன்றில் பழகிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மகனுக்கு அந்த இரண்டு பிஸ்கட் டின்களையும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஆர்வத்தோடு வரும் பிள்ளையிடம் 'தொடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இந்தச் சேகரிப்புக்கு அடுத்து ஆளிருக்காது. வேண்டியவை ஒரு பூதக்கண்ணாடி, முனை தட்டையான தபால்தலை இடுக்கி, ஓர் ஆழமில்லாத தட்டு, மை உறிஞ்சும் தாள். தாள் வகைகளுக்கு ஆண்டர்சன் தெருவைவிட நல்ல இடம் உங்கள் பக்கத்தில் இல்லை. விரலால் தொடக் கூடாது, வியர்வையும் எண்ணெயும் கறையாகப் பின்னால் வெளிவரும். டின்களில் காகிதத் துண்டோடு இருப்பவற்றைச் சாதாரணத் தண்ணீரில் முகம் கீழாக மிதக்கவிட்டால், கால் மணி, அரை மணி நேரத்தில் தபால்தலை தானே நழுவி வரும். இழுக்கக் கூடாது. வேறொரு தட்டில் நல்ல தண்ணீரில் அலசி, கோந்து நீங்கியதும் தாளின் மேல் முகம் கீழாக வைத்து நிழலில் உலர்த்தி, ஒரு கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைக்கட்டும்.

ஊறவைக்கும் முன்பே பிரித்து வைக்க வேண்டியவையும் உண்டு. சிவப்பு, பச்சை, ஊதா உறைத் துண்டுகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தனித் தண்ணீரில்தான் போட வேண்டும், சாயம் மற்றவற்றில் ஏறும். அண்மைக் காலத்து அமெரிக்கத் தபால்தலைகளில் உரித்து ஒட்டும் வகையானவை தண்ணீரில் பிரியாது, காகிதத்தோடு ஓரம் விட்டுக் கத்தரித்து அப்படியே வைக்கலாம். சுதேச சமஸ்தானங்களின் பழைய தபால்தலைகளில் சில தண்ணீரில் கரையும் மையால் அச்சானவை. ஜம்மு காஷ்மீரின் தொடக்ககாலத் தபால்தலைகள் இதற்குப் பேர்போனவை. ஆங்கிலத்திலோ வேறு எழுத்திலோ எந்த நாடென்று புரியாத, கரடுமுரடான அச்சுடைய பழையது எதைப் பார்த்தாலும் தண்ணீருக்குக் கொண்டுபோகாமல் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். திருவிதாங்கூரின் சங்குச் சின்னத் தபால்தலைகள் தென்பட்டால் அவையும் அந்த ஒதுக்கலில் சேரட்டும். இரண்டு, நான்கு என்று சேர்ந்து இருப்பவற்றைப் பிய்க்கக் கூடாது.

உலர்ந்தவற்றை அவன் ஆசைப்படியே நாடு வாரியாக அடுக்கலாம். ஆனால் ஒட்ட வேண்டாம். ஸ்டாக் புக் என்று விற்கும் புத்தகத்தில் ஒளிபுகும் பட்டைகள் இருக்கும், தபால்தலையைச் செருகிவிட்டால் போதும், பசையே தேவையில்லை. ஃபெவிகால், செல்லோடேப், ஒட்டும் பக்கங்களுடைய போட்டோ ஆல்பம் ஆகிய மூன்றும் இந்த வீட்டுத் தபால்தலைகளின் பக்கமே வரக் கூடாது. செல்லோடேப்பின் பசை மஞ்சளாகிக் காகிதத்தின் மறுபுறம்வரை ஊடுருவும். ஏற்கெனவே அப்பா எங்காவது டேப் போட்டிருந்தால் பிய்க்காமல் விட்டுவிடுங்கள்.

தாத்தாவின் கடிதங்களுக்கு இதைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும். பழைய காப்பிங் பென்சிலால் எழுதியவை சாதாரணப் பென்சில் போலவே தெரியும். ஈர விரல் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். பேனா மை பழுப்பாகி, எழுத்து இருந்த இடத்தில் காகிதம் வெடித்திருந்தால் அது இரும்புச் சத்துள்ள மை. அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு கடிதமும் அதன் உறையோடுதான் இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனிப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளில் போட்டு, ஒரே எண் எழுதிய சீட்டோடு சேர்த்து வையுங்கள். எண்ணைக் கடிதத்தின் மேல் எழுத வேண்டாம். வாங்கும் பிளாஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பிவிசி. அதிலிருந்து கசியும் எண்ணெய் மையை இளக்கிவிடும், வாங்காதீர்கள். யாராவது லேமினேஷன் செய்துவிடலாம் என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ரேஷன் கார்டுக்கும் சான்றிதழ் நகலுக்கும் அது சரி. பழைய கடிதத்தைச் சூடான பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால் பிறகு மீட்க வழியே இல்லை. மகனுக்கு நேரம் கிடைக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்தைப் படித்துச் சொல்ல, அவன் ஒரு நோட்டில் படியெடுக்கட்டும். பர்மாத் தமிழர்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் கடிதங்கள் வரலாற்றுக்கு வேண்டியவை. பின்னாளில் நீங்கள் விரும்பினால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

உங்கள் பகுதியின் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடசென்னையில் கடல் ஈரத்தோடு மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகள், அனல் மின் நிலையங்களின் புகையும் சேர்கிறது. அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காகிதத்தில் அமிலத்தை உண்டாக்கும். ஈயம் கலந்த ஆரஞ்சு, சிவப்பு மைகளைக் கருக்கவும் செய்யும். ஆரஞ்சு நிறத் தபால்தலை ஒன்று பழுப்பாகத் தெரிந்தால், அரிய அச்சுப் பிழை கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம், பெரும்பாலும் இதுதான் காரணம். உறைக்கட்டுகளை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு, நாளடைவில் இளகி ஒட்டியும் கொள்ளும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டலாம்.

ஆகவே, கடைகளில் கிடைக்கும் காற்றுப்புகா மூடிபோட்ட பெரிய பாலிபுரொப்பிலீன் பெட்டிகளை வாங்கி, ஆல்பங்களைப் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எடையில் கோந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம், காகிதத்தில் படாமல். ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி பயன்படும். சிறிய ஈரப்பதமானி ஒன்றும் பெட்டிக்குள் இருந்தால் நல்லது. 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். ரொம்பவும் காய்ந்துவிட்டால் கோந்து வெடிக்கும், தபால்தலை சுருளும். அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெட்டியைத் திறந்து வேலை செய்ய வேண்டாம். மழை நாளின் ஈரக் காற்றை உள்ளே விட்டு மூடுவது அந்த ஈரத்தைப் பூட்டி வைப்பதாகிவிடும். மாதாந்தரப் பார்வையைக்கூட வெயிலடித்த ஒரு நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கு வருகிறேன். வியாபாரி சொன்ன தொகை குறைவா, கூடுதலா என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் பட்டியல் இல்லாமல் 'மொத்தமாக' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்றாலும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். அதே நேரத்தில் பெரிய கனவும் வேண்டாம் என்பதை உங்கள் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விடுதலைக்குப் பிந்தைய இந்திய நினைவுத் தபால்தலைகளில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சானவை. 1960இல் வந்த திருவள்ளுவர், பாரதியார் தபால்தலைகளை நாம் எவ்வளவு நேசித்தாலும் சந்தையில் அவை எளிதில் கிடைப்பவை. வளைகுடாவின் அஜ்மான், ஃபுஜைரா போன்ற சிற்றரசுகளின் பெயரில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த வண்ண வண்ணத் தபால்தலைகள் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சிடப்பட்டவை. முத்திரை மூலையில் அழகாக விழுந்து, பின்னால் கோந்தும் அப்படியே இருந்தால், அது எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதது. பிள்ளைகளுக்கு அவை நல்ல பாடம், விற்பனைக்கு ஆகாது.

கவனித்துத் தேட வேண்டியவை சில உண்டு. 1947 நவம்பர் 21 அன்று வந்த, தேசியக் கொடி பொறித்த மூன்றரை அணாதான் சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை. அது அரிதல்ல, ஆனால் உறையோடு இருந்தால் வைத்துக்கொள்ளத் தக்கது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி வரிசை ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு. சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. பத்து ரூபாய்த் தபால்தலைக்கு நல்ல விலை உண்டு. அதனாலேயே போலிகளும் ஏராளம். அதில் அரசு அலுவலகப் பயன்பாட்டுக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டது அப்பாவின் ஆல்பத்தில் இருந்தால், தேர்ந்தவர் பார்த்துச் சான்று தரும்வரை அதை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மயில் உருவம் மேலச்சிட்ட 1942ஆம் ஆண்டுப் பர்மாத் தபால்தலைகளுக்கும் இதே எச்சரிக்கை.

ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற தபால்தலை விலைப் பட்டியல்களில் போட்டிருக்கும் விலை, குறையே இல்லாத ஒன்றுக்குக் கடைக்காரர் கேட்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதில் ஒரு பகுதிதான் கையில் வரும். ஓரத்துப் பல் உடைந்தது, பின்புறக் காகிதம் மெலிந்தது, பழுப்புப் புள்ளி விழுந்தது என்றால் அதுவும் குறையும். அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் புதிய வெளியீடுகள் கிடைக்கும், பழையவற்றுக்கு அங்கே விலை சொல்ல மாட்டார்கள். தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் சென்னையில் நெடுங்காலமாக இயங்குகிறது. அங்கே மூத்த சேகரிப்பாளர்களிடம் படங்களைக் காட்டிக் கேளுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவரின் கருத்தும், வாங்க விரும்பும் இரண்டு மூன்று பேரின் விலையும் கையில் இருந்தால்தான் முடிவெடுக்க முடியும். இவற்றில் பழையவற்றை வெளிநாட்டுக்கு விற்கும் யோசனை வந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருமா என்று கோட்டையிலுள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், ரங்கூன் கடிதங்களும் துறைமுக உறைகளும் ஒன்றாக, உங்கள் குடும்பத்திலேயே இருக்க வேண்டும். ஆல்பங்களில் இரட்டிப்பாக உள்ளவை, வளைகுடாத் தபால்தலைகள், முதல் நாள் உறைகள் ஆகியவற்றை விற்றோ கொடுத்தோ விடலாம். தம்பிக்கும் இதில் பங்கு உண்டு. உயில் எழுதாமல் அப்பா போயிருந்தால் அம்மா, நீங்கள், தம்பி மூவரும் பேசி, எது விற்கப்படும், எது யார் பொறுப்பில் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ஆல்பம் என்று பிரிப்பதுதான் மிக மோசமான தீர்வு. அதைவிட ஒருவர் முழுதாக வைத்துக்கொண்டு மற்றவருக்கு வேறு வகையில் ஈடு செய்வது மேல்.

ஒட்டிய பக்கங்களில் கை வைக்கும் முன் அவற்றை நேராகவும், பக்கவாட்டிலிருந்து சாய்ந்த வெளிச்சத்திலும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தபால்தலைகளுக்குப் பின்னால் ஹிஞ்ச் எனப்படும் சிறு ஒட்டுத்தாள் மடிப்பு தெரிகிறதா, முத்திரை விழுந்தவை எத்தனை, விழாதவை எத்தனை என்பதையும் எழுதுங்கள். எதை ஊறவைக்கலாம், எதை ஈரப் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறேன்.